காளவாய்க்குத் தப்பிய யானை

அன்புள்ள சாமு,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்ததற்கு முதலில் என்னைத் திட்டித் தீர்த்துக்கொள். அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து பக்கத்து வீட்டுக்காரருக்கு நீ எழுதிய கார்டை அவர் கொண்டுவந்து காட்டினார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நான் ராமாபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓடைக்குள் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். மைசூர் நஜர்பாத் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பம்பாய்க்கே வந்துவிடுங்கள், இனிமேலாவது ஓய்வாக இருங்கள் என்று நீயும் ரூத்தும் அன்பாகக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ரூத்தின் பிரசவத்துக்கு நான் வராமல் இருப்பேனா? முன்னாலேயே வந்து, குழந்தைக்குத் தலை நிற்கும்வரை இருந்துவிட்டுத்தான் திரும்புவேன். ஆனால் வீட்டைக் காலி செய்யப் போவதில்லை. இதைப் படித்ததும் உன் முகம் சுருங்கும், எனக்குத் தெரியும். கடிதத்தை மடித்து வைக்காமல் கடைசிவரை படி. எனக்கு இங்கே பெரிய வேலை ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. அதை யாரிடமாவது முழுசாகச் சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் எனக்கு மாலை போட்டு, சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து வழியனுப்பினார்கள் என்று எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு எப்படி இருந்தேன் என்று எழுதவில்லை. காலையில் எழுந்து குளித்து, வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்ட பிறகுதான் போவதற்கு இடம் இல்லை என்பது நினைவுக்கு வரும். எலும்பு முறிவு வார்டிலேயே பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு, யாருக்கும் கட்டுப் போட வேண்டாத கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. கோயிலில் பார்ப்பவர்கள் எல்லாரும் அப்பா போன வருத்தத்தைப் பேசுவார்கள். பிறகு, "இனி உங்களுக்கென்ன, பேரன் பேத்தியைக் கொஞ்சிக்கிட்டு ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கலாம்" என்பார்கள். எனக்கு மூச்சு முட்டும். அப்போதுதான் தாமஸ் மாமா வந்து, "பத்து நாள் என்கூட வந்து இரு அக்கா, காத்து மாறினா மனசு மாறும்" என்று ராமாபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அவன் சுண்ணாம்புக் காளவாய் போட்டிருப்பது உனக்குத் தெரியும். நாடு சுதந்திரம் அடைந்த பிறகு எங்கே பார்த்தாலும் புதுப் பள்ளிக்கூடம், புது ஆஸ்பத்திரி என்று எழும்புகிறது, சுண்ணாம்புக்கு அவ்வளவு கிராக்கி. ஓடைக்கரை மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக, முண்டும் முடிச்சுமாகச் சுக்கான் கல் கிடைக்கும். பெண்கள் அதைப் பொறுக்கிக் கூடையில் சுமந்து வருவார்கள். கரியும் கல்லுமாக அடுக்கடுக்காகக் காளவாய்க்குள் போட்டு, கீழே வாயில் தீ வைத்தால் கல் வெந்து சுண்ணாம்பாகும். நான் போன மறுநாள் காளவாயை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பொழுதுபோகாமல் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கல் சுமக்கும் சின்னத்தாயி என்கிற பெண் கூடையை இறக்கிவிட்டு, ஒரு கல்லை மட்டும் தனியாக எடுத்து என்னிடம் கொண்டுவந்தாள்.

"அக்கா, இதென்னங்க, அம்மி கொத்துன மாதிரி வரி வரியா இருக்குதுங்க?"

இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். மேல்பக்கம் பட்டை பட்டையாக, ஒன்றையொன்று ஒட்டினாற்போல் வரிகள். முந்தானையால் துடைத்தேன், வரிகள் பீங்கான் மாதிரி மினுமினுத்தன. தசராவுக்கு முன்னால் அரண்மனை யானைகளுக்குக் கவளம் ஊட்டுவதைக் காட்ட அப்பா உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு போவாரே, யானை வாயைத் திறந்ததும் "அம்மா, உள்ளே படிக்கட்டு இருக்கு!" என்று நீ கத்துவாயே, அந்தப் படிக்கட்டு! எழுந்து கூடையைக் கிளறினேன். உருண்டையாக இன்னொரு துண்டு கிடந்தது, ஒரு பக்கம் உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் தேன்கூடு மாதிரி பின்னிய வலை. சாமு, அந்த வலையை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன்! ஆபரேஷன் மேஜையில் இடுப்பு மூட்டைத் திறந்தால் தொடை எலும்பின் தலைக்குள் இருப்பது அதுதான். ஆனால் என் கையில் இருந்தது கல். தட்டினால் கல் மாதிரி சத்தம், கல் மாதிரி சில்லிப்பு. கல்லுக்குள் எலும்பின் வலை எப்படி வந்தது?

"தாமஸ்! இதை எங்கேடா எடுத்தீங்க?"

"ஓடைக்கரையிலதான் அக்கா. எல்லாம் ஒரே கல்லுதான்."

"இது கல்லில்லடா. எலும்பு. இது யானைப் பல்லு."

"எலும்போ கல்லோ, வெந்தா எல்லாம் சுண்ணாம்பு. போன தடவைகூட இந்த மாதிரி உருண்டை நாலஞ்சு போட்டோம், நல்லாத்தான் வெந்துச்சு" என்று சிரித்தான்.

ஏற்கெனவே வெந்துபோனவை என்னென்னவோ! நிரம்பி நிற்கும் காளவாய்க்குள் இன்னும் எத்தனை இருக்கிறதோ! "காளவாயைப் பிரி" என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. மைசூரில் ஒரு கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான், மேஸ்திரி காத்திருப்பார், அன்று மாலையே தீ வைத்தாக வேண்டும் என்றான். எனக்கு வாதாடத் தெரியாது. முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் காளவாயின் வாய்க்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டேன். "என்னை நகர்த்திட்டுத் தீ வை" என்றேன். வேலையாட்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தாமஸ் இரண்டு தரம் சுற்றிச்சுற்றி வந்தான். "மேஸ்திரிக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கத்தினான். "எங்க அக்காவுக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சுன்னு சொல்லு" என்றேன். அதற்கு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் கூடையை அவனே இறக்கினான். சாயங்காலத்துக்குள் அந்தக் காளவாயை முழுக்கப் பிரித்துப் பரப்பினோம். கரிப்புழுதியில் எல்லாருக்கும் முகம் கறுத்துவிட்டது. பல்லோடு கூடிய பாதித் தாடை ஒன்று, சின்ன உரல் அளவுக்கு ஒரு முதுகெலும்பு, இன்னும் பல துண்டுகள் கிடைத்தன. ஒவ்வொன்று கிடைக்கும்போதும் சின்னத்தாயி "இந்தாங்க்கா, இன்னொண்ணு!" என்று கூவுவாள். பிரசவ வார்டில் குழந்தை பிறந்த செய்தி சொல்வதுபோல இருந்தது.

பல்லையும் அந்த உருண்டைத் துண்டையும் என் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மைசூருக்கு வந்தேன். கண்டக்டர் மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, கன்னடத்தில் "ஏனம்மா அது, கல்லா?" என்று கேட்டார். "கல்லல்லப்பா, ஹல்லு" என்றேன். பம்பாய்க்குப் போய்க் கன்னடத்தை மறந்திருந்தால் சொல்கிறேன், ஹல்லு என்றால் பல். அவர் மூட்டையையும் என் வாயையும் மாறிமாறிப் பார்த்தார். "யார்து?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. மூட்டையைப் பிரித்துக் காட்டினேன். அது கை கையாக மாறி டிரைவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

நேரே கல்லூரிக்குப் போனேன். பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிற பேராசிரியர் ஒருவர் இருக்கிறார், மேலுக்கோட்டைப் பக்கத்து ஐயங்கார், வீட்டில் தமிழ் பேசுகிறவர். அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். பல்லை மேஜைமேல் வைத்தேன். டம்ளரைப் பாதி வழியில் அப்படியே வைத்துவிட்டார், கடைசிவரை அதைத் தொடவே இல்லை. "இது எங்கே கெடச்சது உங்களுக்கு? இந்தப் பக்கத்துப் பாறையெல்லாம் எலும்புன்னு ஒண்ணு உலகத்திலே வர்றதுக்கு முன்னாடியே உண்டானது. இங்கே எலும்பு அகப்படாதுன்னுதான் நான் வருஷா வருஷம் பாடம் சொல்றேன்!" என்றார். ஓடைக்கரை என்றதும் எழுந்துவிட்டார். "அப்படிச் சொல்லுங்கோ. பாறையிலே இல்லை, ஆறு ஓடை கொண்டுவந்து போட்ட வண்டல்லே." பிறகு அந்த உருண்டைத் துண்டின் உடைந்த பக்கத்தில் நாக்கை வைத்தார்! "நீங்களும் வெச்சுப் பாருங்கோ, ஒட்டும். வெறும் கல்லா இருந்தா ஒட்டாது" என்று என்னிடம் நீட்டினார். வார்டில் கையைக் கழுவு, கையைக் கழுவு என்று எல்லாரையும் விரட்டினவள், சேற்றிலிருந்து வந்த எலும்பை நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒட்டியது!

அன்று அவர் எனக்குச் சொன்னதை அப்படியே உனக்குச் சொல்ல ஆசை. அது இப்போது இருக்கும் யானை இல்லையாம். அதைவிடப் பெரிய, அடியோடு அழிந்துபோன ஒரு ஜாதி. சரி, அதன் எலும்பு எப்படி மிஞ்சியது? காட்டில் காலங்காலமாக யானைகள் செத்துக்கொண்டுதானே இருக்கின்றன, காடு எலும்புக்காடாகவா கிடக்கிறது? இல்லை. நரி இழுக்கும், கழுதைப்புலி நொறுக்கும், வெயிலில் வெடிக்கும், மழையில் ஊறும், வேர் துளைக்கும், கொஞ்ச வருஷத்தில் மண்ணாகிவிடும். எங்கேயோ ஒன்று தண்ணீர் ஓரமாக விழுந்து சாகிறது. அந்தச் சமயம் பார்த்து வெள்ளம் வந்து வண்டலைக் கொட்டி மூடிவிடுகிறது. நரிக்கு எட்டாது, வெயில் படாது, காற்றும் அதிகம் புகாது. தசை அழுகிப் போய்விடும், எலும்பு நிற்கும். எலும்பில் நாரும் உண்டு, சுண்ணச் சத்தும் உண்டு என்று நாங்கள் நர்ஸ் படிப்பிலேயே படித்திருக்கிறோம். நார் மெல்ல மெல்ல மக்கிப் போகிறது, அது இருந்த இடமெல்லாம் பொடிப்பொடி ஓட்டையாகிறது. பூமிக்குள் ஊறிவரும் தண்ணீர் சும்மா வருவதில்லை. சுண்ணாம்பையும் மணலின் சத்தையும் கரைத்து எடுத்துக்கொண்டு வருகிறது. நம் வீட்டு வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேபோல் அந்தத் தண்ணீர் ஒவ்வொரு ஓட்டையிலும் துளித்துளியாகப் படிய விடுகிறது. ரத்தக்குழாய் ஓடின வழியில்கூடக் கல் போய் உட்கார்ந்துவிடுகிறது!

"எலும்பு போயிட்டு அங்கே கல் வந்துதா சார், இல்லை எலும்பே கல்லாச்சா?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான். சில இடத்திலே பழைய எலும்பே இருக்கு, ஓட்டையிலே மட்டும் கல்லு. சில இடத்திலே எலும்பு கொஞ்சங்கொஞ்சமாக் கரைஞ்சு, அதே இடத்திலே அதே வடிவமாக் கல்லு வந்துடுத்து. எது எவ்வளவுன்னு உடைச்சுப் பார்த்தாத்தான் தெரியும், எனக்கு உடைக்க மனசில்லை" என்றார். பல்லின் மேல்பூச்சு உடம்பிலேயே கெட்டியான பொருள் என்பதால் மற்ற எலும்பெல்லாம் போனாலும் பல் மிஞ்சுமாம். அமிலம் ஏறிப் புளித்த மண்ணாக இருந்தால் எலும்பைத் தின்றுவிடும். சுண்ணாம்பு மண் காப்பாற்றும். தாமஸ் மாமா எரிக்கிற அந்தச் சுக்கான் கல்லை உண்டாக்கின தண்ணீரேதான் இந்த எலும்பையும் ஆயிரமாயிரம் வருஷம் கட்டிக் காத்திருக்கிறது!

சாமு, இந்த இடத்தில் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். தெரியாததைக் கேள். உன் ஆபீசில் நீ இப்போது பெரிய உத்தியோகஸ்தன். கேட்டால் கௌரவம் போய்விடும் என்று தோன்றும். அந்தப் பேராசிரியர் வருஷா வருஷம் சொல்லிவந்த பாடம் தவறிப்போனதற்குக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். எனக்கு அந்த மனிதரை அதனாலேயே பிடித்துவிட்டது. இன்னொன்று. ரூத் எதையாவது ஆசையாகக் கையில் எடுத்துக்கொண்டு உன்னிடம் காட்ட வந்தால், தாமஸ் மாமா மாதிரி "எல்லாம் ஒரே கல்லுதான்" என்று சொல்லிவிடாதே. அப்பா ஒருநாளும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. வார்டில் நடந்ததை நான் சொல்லச் சொல்ல, சோறு ஆறினாலும் கையை உதறாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

பேராசிரியருக்கு ஒரே கவலை, மழை. கோடையில் வரும் மாங்காய் மழை தொடங்கினால் ஓடையில் வெள்ளம் வரும், கரை இடியும், உள்ளே மிச்சம் இருப்பது போய்விடும். உடனே புறப்பட்டோம். ராமாபுரம் இன்னும் சென்னை ராஜ்யத்தில் இருக்கிறது, மைசூர்க் கல்லூரிக்காரர் அங்கே தோண்டலாமா என்று பஸ்ஸில் ஒருவர் கேட்டார். "யானை எந்த ராஜ்யம்னு கேட்டுச் சொல்றேன்" என்றார் பேராசிரியர். சின்னத்தாயி கல் எடுத்த இடத்தைக் காட்டினாள். கரையைச் சுரண்டச் சுரண்ட, ஆளின் மார்பளவு நீளத்துக்கு ஒரு தொடை எலும்பு படுத்திருந்தது. அதை ஒட்டி ஒரு விலா எலும்பு. கொஞ்சம் தள்ளி, மண்ணுக்குள் வட்டமாகத் தந்தத்தின் அடிப்பக்கம். ஆனால் காற்றுப் பட்டதும் எலும்பில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓட ஆரம்பித்துவிட்டது. பேராசிரியர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "இப்படியே தூக்கினா பொடியாயிடும். இதுக்கு மாவுக்கட்டுப் போட்டுத்தான் எடுப்பா. நான் படிச்சிருக்கேன், போட்டதில்லை."

"நான் படிச்சதில்லை சார், போட்டிருக்கேன்" என்றேன்.

மைசூரிலிருந்து மாவு வரவழைத்தோம். கோணியை நீளநீளமாகக் கிழித்தோம். வார்டில் தோலுக்கும் கட்டுக்கும் நடுவே பஞ்சு வைப்போம். இங்கே ஈரக் காகிதம், மாவு எலும்பில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. சின்னத்தாயி மூங்கிலைப் பிளந்து பத்தை சீவினாள். மாவைக் கரைத்துக் கோணியை முக்கி, தொடை எலும்பையும் விலா எலும்பையும் சேர்த்து ஒவ்வொரு சுற்றாகப் போட்டேன். கை தானாக வேலை செய்தது. "ஆடக்கூடாது, அசையக்கூடாது" என்று என்னை அறியாமல் எலும்பிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், தாமஸ் விழுந்து விழுந்து சிரித்தான். கடைசிச் சுற்று போடும்போது மேகம் கறுத்தது, சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. கட்டு இறுகவில்லை, நனைந்தால் எல்லாம் போச்சு. தாமஸ் காளவாயிலிருந்து தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தான். ஆளுக்கு ஒரு மூலையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் அடியில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் கட்டை அணைத்துக்கொண்டேன். ஓடைத் தண்ணீர் கலங்கி ஏறியது, நீட்டியிருந்த என் காலில் கணுக்கால், முழங்கால் என்று வந்தது. "அக்கா, எந்திரிச்சிருங்க, தண்ணி வருதுங்க!" என்று சின்னத்தாயி கத்தினாள். அப்போது என் உள்ளங்கைக்கடியில் கட்டு சூடாயிற்று. மாவு இறுகும்போது சூடேறும், தெரியுமா? கொட்டுகிற மழையில், அந்தச் சூடு! "பிடிச்சுக்கிச்சு! தூக்குங்க!" என்று கத்தினேன்.

நாலு பக்கமும் பிடித்துப் புரட்டி மேட்டுக்கு ஏற்றினோம். நாங்கள் நகர்ந்த கொஞ்ச நேரத்தில் நின்றிருந்த கரை சத்தமில்லாமல் சரிந்து ஓடைக்குள் போயிற்று. தந்தமும் அதோடு போயிற்று. நான் அழுதுவிட்டேன். தாமஸ் தார்ப்பாயை என்மேல் போர்த்தினான். பேராசிரியர் சொட்டச் சொட்ட நனைந்து நின்றபடி, "போனா போறது. வண்டல்லே போனது வண்டல்லேதான் எங்கேயாவது புதையும். நமக்கு இல்லேன்னா இன்னொருத்தருக்கு" என்றார்.

தாமஸ் மாமா தன் சுண்ணாம்பு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் கட்டோடு எலும்பை ஏற்றி அவனே கல்லூரி வரைக்கும் கொண்டுவந்து இறக்கினான். இப்போது அவன் காளவாயில் ஒவ்வொரு கூடையையும் சின்னத்தாயி பார்த்த பிறகுதான் கொட்டுகிறார்கள். கல்லூரியில் எனக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு போகிறேன். ஊசியும் தூரிகையும் வைத்துக்கொண்டு எலும்பில் ஒட்டியிருக்கும் மண்ணை எடுக்கிறேன். அந்த மேஜையை விட்டுவிட்டு வா என்றா கேட்கிறாய்?

நேற்றுத்தான் பெரிய கட்டைப் பிரித்தோம். அதைப் பார்க்கச் சின்னத்தாயியும் வந்திருந்தாள், அவள் மைசூரைப் பார்ப்பதே இதுதான் முதல் தடவை. அரண்மனையைப் பார்க்கக்கூடப் போகவில்லை, நேரே இங்கேதான். கத்தரியால் கட்டை வெட்டிப் பிளந்தேன். தொடை எலும்பு முழுசாக இருந்தது. விலா எலும்பைத் துடைத்துக்கொண்டு வரும்போது ஓர் இடத்தில் புடைத்துக்கொண்டிருந்தது. "சுண்ணாம்புக் கட்டி ஒட்டிண்டிருக்கோ?" என்று பேராசிரியர் கேட்டார். ஊசியால் நெருடிப் பார்த்தேன், பெயரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். சாமு, எத்தனை பேருடைய கையிலும் காலிலும் இந்தப் புடைப்பைத் தடவிப் பார்த்து, "இனி நீ நடக்கலாம், வீட்டுக்குப் போ" என்று சொல்லியிருக்கிறேன்!

"சார், இது உடைஞ்சு கூடின எலும்பு" என்றேன்.

சின்னத்தாயி மெல்லக் கேட்டாள்: "அதுக்கு யாருங்கக்கா கட்டுப் போட்டாங்க?"

"யாரும் போடல. தானே கூடியிருக்கு."

அவள் அந்தப் புடைப்பின்மேல் கையை வைத்தாள். நான் என் கையை அவள் கைமேல் வைத்தேன். ஒரு சண்டையிலோ, ஒரு சரிவில் விழுந்தோ விலா முறிந்த அந்தப் பெரிய ஜீவன், ஒவ்வொரு மூச்சுக்கும் வலியைப் பொறுத்துக்கொண்டு நம் ஓடைக்கு வந்து தண்ணீர் குடித்திருக்கிறது. வலி விட்ட பிறகும் வெகுகாலம் வந்து குடித்திருக்கிறது.

உன் அம்மா